கல் வைத்த பெட்டி

தேனீயைப் போல உழை என்று பள்ளிக்கூடத்துச் சுவரில் முதன்முதலில் எழுதிவைத்தவன் எவனோ, அவன் பனிக்காலத்தில் ஒரு தேன்பெட்டியை எட்டிக்கூடப் பார்த்திருக்க மாட்டான். பார்த்திருந்தால் வேறு ஏதாவது எழுதியிருப்பான். குளிர் இறங்கிவிட்டால் தேனீ வேலைக்குப் போகாது. ராணியை நடுவில் வைத்துக்கொண்டு, அத்தனையும் ஒன்றோடொன்று ஒட்டி, அடைகளுக்கிடையில் ஒரு கொத்தாக உட்கார்ந்துவிடும். வெயில்காலத்தில் சேர்த்த தேனைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டு, இறக்கையை அசைக்காமல் உடம்பை மட்டும் நடுக்கிச் சூடு உண்டாக்கிக்கொண்டு, மாசி வரைக்கும் சும்மா இருக்கும். அந்தச் சும்மா இருப்பதில்தான் அதன் ஆயுள் இருக்கிறது. கோடையில் ஓடியாடும் தேனீ ஒன்றரை மாதத்தில் செத்துப்போகும். பனியில் சும்மா இருக்கும் தேனீ அதைப்போல மூன்று மடங்கு வாழும்.

இது ரெஜினாவுக்குத் தெரியும். 'நித்திய வசந்தம்' பண்ணையின் தேனீப் பிரிவைப் பார்த்துக்கொள்பவள் அவள்தான். விலங்கியல் படித்துவிட்டு, கல்யாணமாகி, கணவன் சூசையோடு வில்லுக்காட்டுக்கு வந்தவள். இது அவளுடைய மேலதிகாரி கிருபாகரனுக்கும் தெரியும். தேனீயில் டாக்டர் பட்டம் வாங்கியவர் அவர். தெரியாமல் செய்கிறவனை மன்னித்துத் தொலைக்கலாம். இங்கே எல்லாரும் தெரிந்தேதான் செய்தார்கள்.

கொடைக்கானலுக்கு மேற்கே, மலையின் முதுகில் இருக்கிறது வில்லுக்காடு. பருவம் புரண்ட பிறகு அங்கே கார்த்திகையில் விழத் தொடங்கும் உறைபனி மாசி வரை விடுவதில்லை. சமவெளியிலோ வெயில் தாங்காமல் காய்கறி கருகிப்போயிற்று. ஆகவே ஊருலகத்துக்கெல்லாம் குடைமிளகாயும் ஸ்ட்ராபெரியும் இந்த மலையின் கண்ணாடிக் குடில்களிலிருந்துதான் போகவேண்டும், அதுவும் மார்கழியிலும் தையிலும் போகவேண்டும். குடிலுக்குள் செடி பூத்துவிடும். பூவைக் காயாக்கத் தேனீ வேண்டும். தேனீ உறங்குகிற மாதத்தில் தேனீ வேண்டும் என்றால் என்ன செய்வது? எழுப்ப வேண்டியதுதான்.

முதல் உறைபனி விழுந்த காலையில் பெட்டியின் மூடிமேல் ஒரு கல்லை வைப்பது இந்த மலையின் வழக்கம். காற்றுக்கு மூடி பறக்காது என்பது ஒரு காரணம். பெரிய காரணம், கல் வைத்த பெட்டியை வைத்தவரைத் தவிர யாரும் திறக்கக் கூடாது என்பது. திறந்தால் சூடு போய்விடும், கொத்து கலைந்துவிடும், கலைந்தது மறுபடி கூடுவதற்குள் பாதி விறைத்துச் செத்துவிடும். ஜென்மப் பகையாளியின் பெட்டியாக இருந்தாலும் கல் இருந்தால் இந்த ஊரில் யாரும் கை வைக்க மாட்டார்கள். ரெஜினாவும் கார்த்திகையிலேயே பண்ணைப் பெட்டிகள் எல்லாவற்றுக்கும் கல் வைத்துவிட்டாள். கல் மேலே இருந்தது. கம்பெனி அடியிலிருந்து வந்துவிட்டது.

ஒவ்வொரு பெட்டிக்கும் அடியில் ஒரு தட்டு. அது மெல்ல அதிரும். அதிர்ந்தால் தேனீ எழுந்து, குடில் சுவரில் விட்ட துளை வழியே பூவுக்குப் போய்விடும்.

மார்கழி பாதியில் ஒருநாள் காலை, குடில் சுவரோரம் கிடந்த செத்த தேனீக்களை ரெஜினா கூட்டி அள்ளினாள். முறம் நிறைந்துவிட்டது. குப்பையில் கொட்ட மனம் வராமல் முறத்தைத் தூக்கிக்கொண்டு நேரே கிருபாகரனின் அறைக்குப் போய் மேசைமேல் வைத்தாள்.

"என்ன ரெஜினா, காலையிலேயே முறத்தோட?"

"நீங்களே பாருங்க சார்."

அவர் ஒரு தேனீயை இரண்டு விரலால் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். முகத்தில் உண்மையாகவே ஒரு பிரியம் தெரிந்தது. "இறக்கை நுனியெல்லாம் கிழிஞ்சிருக்கு. நல்லா வேலை செஞ்சிருக்கு."

"வேலை செஞ்சே செத்திருக்கு. மார்கழியில இறக்கை கிழிஞ்ச தேனீய நீங்க எங்கயாச்சும் பாத்திருக்கீங்களா?"

"உட்காருங்க. கொத்துக்குள்ள ஒரு தேனீ இன்னொண்ணக் காலால பிடிச்சு உலுக்குமே, பாத்திருக்கீங்கல்ல? 'எந்திரி, வெளிய வேலை இருக்கு'ன்னு அர்த்தம். அஞ்சு வருஷம் பெட்டிமேல காதை வச்சு நான் அதைத்தான் படிச்சேன். அந்த உலுக்கலைத்தான் தட்டு செய்யுது. நாங்களா ஒண்ணும் புதுசா சொல்லல, அது பாஷையில அதுகிட்டப் பேசறோம்."

"பேசறீங்களா? ராவும் பகலும் விடாம உலுக்கறதுக்குப் பேரு பேச்சா சார்?"

"நாங்க அதை வேலை செய்யச் சொல்லல, ரெஜினா. எழுப்பி மட்டும் விடறோம். எழுந்த தேனீ தானாப் போகுது. அது அதோட குணம்."

ரெஜினாவுக்கு உச்சந்தலை சுட்டது. "தூங்க விடாம வச்சிருந்தா யாரு வேணா எது வேணா செய்வாங்க சார். போலீஸ் ஸ்டேஷன்ல கேட்டுப் பாருங்க, குணத்தப் பத்தி அவங்களும் சொல்லுவாங்க."

கிருபாகரன் கோபப்படவில்லை. அவருக்குக் கோபம் வந்து யாரும் பார்த்ததில்லை. அந்த மனிதரோடு சண்டை போடுவது தலையணையோடு சண்டை போடுவதுதான். "மாசியில புதுப் பெட்டிகள் வாங்கிக்கலாம். அதுக்கு ஏற்பாடு பண்ணியாச்சு."

"யார்கிட்ட வாங்குவீங்க? மலையில இருக்கற எல்லாப் பண்ணையும் இதே தட்ட மாட்டிக்கிட்டா, மாசியில விக்கறதுக்குத் தேனீ யார்கிட்ட மிஞ்சும்?"

"அது மாசிக் கவலை. இப்ப பூ நிக்குது. பூ காத்திருக்காது." அவர் அந்தத் தேனீயை மறுபடி முறத்திலேயே பத்திரமாக வைத்தார்.

ரெஜினா வெளியே வந்தாள். வாசல் சுவரில் 'தேனீயைப் போல உழை' என்று ஆளுயர எழுத்தில் இருந்தது. பக்கத்தில் ஒரு தேனீ பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தது. தேனீக்கு ஏது பல் என்று கேட்கக் கூடாது. கம்பெனிச் சுவரில் எல்லாம் சிரிக்கும்.

பண்ணை ஆட்கள் குடியிருப்பது குடில்களுக்குப் பின்னால், சரிவில், வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில். அந்த வீடுகளைப் பற்றி ஊரில் பொறாமைப்படாதவர்கள் கிடையாது. தரை சூடாக இருக்கும். வெளியே புல் வெள்ளையாக உறைந்து நிற்கும்போது உள்ளே வெறுங்காலோடு நடக்கலாம். கம்பெனியின் அன்பளிப்பு. தரைக்கு அடியில் மெல்லிய அதிர்வு ஒன்று எப்போதும் இருந்துகொண்டிருக்கும். சூட்டுக் குழாயில் தண்ணீர் ஓடுகிறது என்றார்கள். குடிவந்த புதிதில் கவனித்தார்கள், பிறகு மறந்துவிட்டார்கள்.

லைன்காரர்களுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. மலைக்காரர்கள் பொதுவாகப் பனிமாதங்களில் வெயில் ஏறாமல் போர்வையை விட்டு வெளியே வருவதில்லை. லைன்காரர்கள் விடியுமுன் எழுந்துவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை கூட யாராலும் சும்மா இருக்க முடியாது. கூடுதல் வேலை உண்டா என்று அவர்களே போய்க் கேட்பார்கள். "ஊர்க்காரங்க சோம்பேறிங்க. கரடி கணக்கா தூங்குறாங்க" என்று கேலி பேசுவார்கள். ரெஜினாவும் பேசியிருக்கிறாள். தன் சுறுசுறுப்பைப் பற்றி அவளுக்கு ஒரு மிதப்பு இருந்தது.

அன்று சாயங்காலம் அவள் திரும்பியபோது, பக்கத்து வீட்டு வேலுத்தாயி வாசலில் நின்று கைக்குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். குழந்தை கத்திக்கொண்டிருந்தது. லைன் வீட்டுக் குழந்தைகள் தூங்காது என்பது அங்கே எல்லாரும் ஒத்துக்கொண்ட விஷயம். மலைக்குளிர் என்பார்கள், திருஷ்டி என்பார்கள்.

"பால் வத்திப்போச்சுக்கா" என்றாள் வேலுத்தாயி. கன்னம் ஒட்டி, கண்ணைச் சுற்றிக் கருவளையம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இங்கே வந்தபோது பூசினாற்போல் இருந்தவள். "ஆஸ்பத்திரியில ரத்தம் இல்லங்கறாங்க. பேரீச்சம்பழம் தின்னச் சொல்றாங்க."

"நாலு நாள் லீவு போட்டுட்டு வத்தலக்குண்டுக்குப் போயிட்டு வாயேன். அம்மா வீட்டுல கெடந்து எந்திரி."

"போன தடவ போனதையே அம்மா சொல்லிச் சொல்லிச் சிரிக்குது. போன அன்னைக்குப் படுத்தவ மறுநா பொழுது சாயத்தான் முழிச்சேன். சோத்துக்குக்கூட எந்திரிக்கல. இந்தப் பயலும் கூடவே தூங்கியிருக்கான். எனக்கு வெக்கமாப் போச்சுக்கா. இங்க திரும்பி வந்து காலு தரையில பட்டதும்தான் சுறுசுறுப்பே வந்துச்சு."

  ரெஜினா குழந்தையை வாங்கிக்கொண்டாள்.

போன வருஷம் இதே மார்கழியில் லைனில் குடியிருந்த காளியம்மா குடைமிளகாய்ப் பாத்தியில் விழுந்தாள். கூடை கவிழாமல் பிடித்துக்கொண்டே விழுந்தாள் என்று எல்லாரும் மெச்சினார்கள். இருதயம் என்றார்கள். நாற்பது வயதுகூட ஆகாத பொம்பிளையின் இருதயத்துக்கு என்ன கேடு என்று யாரும் கேட்கவில்லை. கிருபாகரன் மாலையோடு வந்து, "தேனீ மாதிரி உழைச்சாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அப்போது ரெஜினா அதைப் பாராட்டு என்று நினைத்துக் கண்கலங்கினாள். அதை நினைத்தால் இப்போதும் அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வருகிறது.

மறுநாள் முறம் மறுபடி நிறைந்தது. அதற்கு மறுநாளும். பெட்டிகளின் பக்கவாட்டில் காதை வைத்துக் கேட்டாள். பனிக்காலத்துப் பெட்டிக்குள் ஒரே சீராக ஒரு முனகல் கேட்க வேண்டும், நல்ல உறக்கத்தில் இருப்பவரின் மூச்சு மாதிரி. கேட்டதோ கசகசவென்ற இரைச்சல். சந்தைக்கடை. இரண்டு பெட்டிகளில் அதுவும் இல்லை. மாசி வரை ஒரு பெட்டிகூடத் தாங்காது என்று தெரிந்துபோயிற்று. கேட்டுப் பார்த்தாயிற்று, கெஞ்சிப் பார்த்தாயிற்று. அடியாத மாடு படியாது என்பார்கள். இந்த மாடு அடித்தாலும் சிரிக்கும்.

பொழுது சாயும் நேரத்தில் அவள் பம்பு அறைக்குப் போனாள். தட்டுகளை ஆட்டிவைக்கும் கருவி அங்கே சுவரில் இருந்தது. சோற்று டப்பா அளவில் ஒரு கறுப்புப் பெட்டி, அதிலிருந்து இரண்டு தடித்த கம்பிகள். ஒன்று தேன்பெட்டிகள் இருக்கும் சரிவுக்குப் போனது. மற்றது லைன் வீடுகளின் பக்கம் போனது. அது சூட்டுத் தரைக்கானது போலிருக்கிறது, இதை எடுத்தால் ராத்திரி தரை சில்லிட்டுவிடுமோ என்று ஒரு நிமிஷம் தயங்கினாள். குழந்தை இருக்கிற வீடுகள். பிறகு முறம் ஞாபகம் வந்தது. ஒரு ராத்திரி இரண்டு போர்வை போர்த்திக்கொள்ளலாம். இரண்டு கம்பிகளையும் பிடுங்கி, கறுப்புப் பெட்டியைக் கழற்றி முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

அதைத் தேனீ செத்துக் காலியாகிப்போன ஒரு பெட்டிக்குள் வைத்து, மூடியைப் போட்டு, மேலே பழைய கல்லையே வைத்தாள். பிறகு பக்கத்துப் பெட்டியில் காதை வைத்துக் காத்திருந்தாள். இரைச்சல் மெல்ல மெல்லத் தணிந்தது. கசகசப்பு நின்றது. கடைசியில் அடியாழத்திலிருந்து அந்த முனகல் வந்தது. சீராக, தாழ்வாக, யாருக்கும் எதுவும் நிரூபிக்க வேண்டாத ஒரு முனகல்.  "கெடங்கடி, கெடங்க" என்று ரெஜினா பெட்டியைத் தடவிக்கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

தரை சூடாகத்தான் இருந்தது. அப்பாடா என்றிருந்தது. சூசை உலை வைத்திருந்தான். "என்னவோ வீடு அமைதியா இருக்கற மாதிரி இல்ல?" என்றான். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே அவனுக்குக் கண் சொருகியது. தட்டைக் கழுவி வைக்க எழுந்த ரெஜினா, சும்மா ஒரு நிமிஷம் சுவரில் சாய்ந்தாள்.

முகத்தில் வெயில் சுட்டபோதுதான் முழித்தாள்.

வெயில்! அவள் கல்யாணமாகி வந்த இத்தனை வருஷத்தில் அந்த வீட்டில் படுக்கைமேல் வெயில் விழுந்து பார்த்ததில்லை. தட்டு கழுவாமல் அப்படியே கிடந்தது. சூசை வாயைத் திறந்துகொண்டு மல்லாந்து கிடந்தான். உலுக்கினாள், புரண்டு படுத்தான். அடித்துப்பிடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடிவந்தாள்.

லைன் முழுக்க ஒரு கதவும் திறக்கவில்லை. ஒரு கூரையிலும் புகையில்லை. குழாயடியில் ஆளில்லை. பண்ணைச் சங்கு ஊதியது. ஊதி ஓய்ந்து மறுபடி ஊதியது. யாரும் அசையவில்லை. எல்லாரும் செத்துப்போனார்களோ? வேலுத்தாயி வீட்டு ஜன்னலுக்கு ஓடி உள்ளே பார்த்தாள்.

வேலுத்தாயி பக்கவாட்டில் சுருண்டு படுத்திருந்தாள். அவள் வயிற்றின் சூட்டில் ஒட்டிக்கொண்டு குழந்தை. குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. பிறந்ததிலிருந்து அந்தக் குழந்தை தூங்கி அவள் பார்த்ததில்லை. புருஷன், மாமியார், மூத்தவள், எல்லாரும் நடுவில் குழந்தையை வைத்துக்கொண்டு ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தார்கள்.

ரெஜினா அப்படியே குந்தி உட்கார்ந்து, வாசல் சிமெண்டில் உள்ளங்கையை வைத்தாள். சூடு இருந்தது. அதிர்வு இல்லை.

நாள் தவறாமல் தேன்பெட்டியில் காதை வைத்துக் கேட்டவள், தான் படுக்கும் தரையில் ஒருநாள் காதை வைத்துக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். இரண்டு கம்பிகள் எதற்கு என்று விளங்கிவிட்டது. வேலுத்தாயியின் வற்றிய பால் விளங்கியது, வத்தலக்குண்டு உறக்கம் விளங்கியது, காளியம்மாவின் இருதயம் விளங்கியது. தன்னுடைய அந்தப் பெருமைக்குரிய சுறுசுறுப்பு யாருடையது என்பதும் விளங்கியது. அவளுக்கு அழுகை வரவில்லை. காறித் துப்பவேண்டும்போல் இருந்தது.

கிருபாகரன் சரிவேறி மூச்சிரைக்க வந்தார். "எங்க எல்லாரும்? குடில்ல ஒரு ஆள் இல்ல. பறிக்க வேண்டியதெல்லாம் அப்படியே நிக்குது." அவளைப் பார்த்ததும் நின்றார். அவர் புத்திசாலி. பம்பு அறைக்குப் போய்விட்டுத்தான் வந்திருக்க வேண்டும். "ரெஜினா, நீங்க தேனீக்காகத்தான் செஞ்சிருப்பீங்கன்னு எனக்குத் தெரியும்."

"ஆமா சார். தேனீக்காகத்தான் செஞ்சேன். எங்களையும் பெட்டிக்குள்ள வச்சிருக்கீங்கன்னு எனக்குத் தெரியாது."

"அப்படிச் சொல்லாதீங்க. இது வேற அளவு, ரொம்ப லேசு. உடம்புக்குக் கெடுதல் இல்லன்னு பாத்துட்டுத்தான்..."

"காளியம்மாவையும் பாத்தீங்களா?"

அவர் கண்ணை எடுத்துக்கொண்டார். "நாங்க யாரையும் வேலைக்கு வான்னு கட்டாயப்படுத்தினதில்ல. அவங்களாத்தான் வந்தாங்க. நாங்க..."

"எழுப்பி மட்டும் விட்டீங்க."

 கிருபாகரன் வழக்கமான அந்தச் சமாதானக் குரலில், "அந்தக் கருவி எங்க?" என்றார்.

"ஒரு பெட்டிக்குள்ள இருக்கு. மேல கல் வச்சிருக்கேன்."

கிருபாகரன் திரும்பிச் சரிவைப் பார்த்தார். வெள்ளைப் புல்லில் வரிசை வரிசையாகத் தேன்பெட்டிகள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு கல்.

"எந்தப் பெட்டி?"

"திறந்து பாருங்க சார், ஒண்ணொண்ணா. திறந்தா என்ன ஆகும்னு படிச்சவருதான் நீங்க."

"கோயம்புத்தூர் ஆபீசுக்குச் சொன்னாப் புதுசு வந்துரும். ஒரு வாரம். அதுக்கு எதுக்கு இவ்வளவு?"

"வரட்டும். ஒரு வாரம் நல்லாத் தூங்கி எந்திரிச்சவங்களக் கூப்பிட்டு, 'இத உங்க படுக்கைக்கு அடியில மாட்டப்போறேன், இத்தன நாளும் இதுதான் இருந்துச்சு'ன்னு நீங்களே சொல்லுங்க. நான் பக்கத்துல நின்னு கேக்கறேன். உங்க பக்கத்துல இல்ல, அவங்க பக்கத்துல."

அவர் வேலுத்தாயி வீட்டுக் கதவைத் தட்டுவதற்குக் கையைத் தூக்கினார். ரெஜினா சாக்கடையோரம் கிடந்த ஒரு கல்லை இரண்டு கையாலும் தூக்கி வந்து, அந்த வாசற்படியில், அவருடைய கால்களுக்கு முன்னால் வைத்தாள்.

"பனிக்காலம் சார்."

ஐந்து வருஷம் பெட்டிமேல் காதை வைத்துப் படித்தவரல்லவா, கல்லுக்கு அர்த்தம் அவருக்குத் தெரிந்திருந்தது. தூக்கிய கை கதவுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. உள்ளே வேலுத்தாயி குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள்.

ரெஜினா அடுத்த வீட்டு வாசலுக்கு இன்னொரு கல் எடுக்கப் போனாள்.